மதிப்பெண் குறைந்தோரும் பார்வையளவியல் படிப்பும்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளிவந்ததும், தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே விதமான பேச்சு எழுகிறது. எண்பது, தொண்ணூறு என்று வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. அவர்களுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஐம்பதை ஒட்டி நின்றுவிட்ட பிள்ளையின் தகப்பனார்தான் மதிப்பெண் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விவரம் அறிந்தவர் யார் என்று தேடிப் புறப்படுகிறார். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் என்னிடமும் ஆண்டுதோறும் சிலர் வருவதுண்டு. கலைப் பட்டதாரியாகிய எனக்கு விஞ்ஞானத்தில் புலமை கிடையாது. ஆயினும் விதிகளையும் விளம்பரங்களையும் படித்துப் பொருள் சொல்வதே என் பிழைப்பாகையால், அவர்களுக்கு அந்த அளவில் உதவ முடிகிறது.

அப்படி வருவோர் அண்மைக் காலத்தில் அடிக்கடி கேட்பது ஆப்டோமெட்ரி என்னும் படிப்பைப் பற்றி. மருத்துவக் கல்லூரி கைக்கெட்டாது. ஆனால் கண் சம்பந்தமாக ஏதோ ஒரு பட்டம் இருக்கிறதாமே, குறைந்த மதிப்பெண்ணுக்கும் அதில் இடம் கிடைக்குமா என்பது அவர்கள் கேள்வி. கிடைக்கும் என்பதே என் விடை. ஆனால் கிடைக்கும் இடங்கள் எல்லாம் ஒரே தரமுடையவை அல்ல. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இடம் கிடையாமற் போவதைவிடப் பெரிய ஆபத்து, தவறான இடம் கிடைத்துவிடுவதுதான்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். மெட்ரி என்பது அளத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியில் இதனைத் திருஷ்டிமிதி என்பர். நாம் பார்வையளவியல் என்று கூறலாம். கண் மருத்துவர் வேறு, பார்வையளவியலர் வேறு, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வேறு. கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் கண்ணுக்கென்று தனியே பயின்று, கத்தியெடுத்துச் சிகிச்சை செய்பவர். பார்வையளவியலர் பார்வையின் குறையை அளந்து, அதற்குரிய கண்ணாடியை நிர்ணயிப்பவர். கண்புரை, கண்ணழுத்த நோய், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேடு முதலியவற்றின் அறிகுறியைக் கண்டு, உரிய மருத்துவரிடம் அனுப்புபவர். கடைக்காரர் அந்தச் சீட்டின்படி கண்ணாடியைச் செய்து பொருத்துகிறவர். நம் ஊர்களில் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், ஆறு மாதத்தில் இந்தத் தொழிலைக் கற்றுவிடலாம் என்னும் எண்ணம் பரவியிருக்கிறது.

இந்தியாவில் இப்படிப்பு புதியதன்று. 1958-ஆம் ஆண்டிலேயே அலிகாரின் காந்தி கண் மருத்துவமனையிலும், ஐதராபாத்தின் சரோஜினி தேவி கண் மருத்துவமனையிலும் இரண்டாண்டு டிப்ளமா வகுப்புகள் தொடங்கப்பட்டன. நான்காண்டுப் பட்டப்படிப்பு 1985-இல் சென்னையில் உதயமாயிற்று. சங்கர நேத்திராலயத்தைச் சார்ந்த எலைட் ஆப்டோமெட்ரி கல்லூரி அதனைத் தொடங்கியது. மும்பையிலும் ஜூஹுவிலுள்ள லோட்டஸ் கல்லூரி போன்றவை பிறகு ஏற்பட்டன. மாஹிமில் ரெயிலேறி வீலே பார்லேயில் இறங்கினால், தாராவிப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம் அன்று.

கல்வி வந்துவிட்டது, சட்டம் வரவில்லை. நம் நாட்டில் முதல் வகுப்புகள் தொடங்கிய அதே 1958-இல்தான் பிரிட்டனில் இத்தொழிலுக்கென்று சட்டம் இயற்றப்பட்டு, பதிவுப் பேரவை ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நமக்கோ இன்னும் அறுபத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2021-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, மருத்துவர், செவிலியர் ஆகியோருக்கு வெளியே நின்று உடல்நலப் பணி புரியும் பல தொழிலாளரையும் ஒரு தேசிய ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் பார்வையளவியலரும் இடம்பெற்றுள்ளனர். இச்சட்டத்தின் நீண்ட பெயரைச் செவ்வையாகத் தமிழாக்குவது எளிதன்று. அத்துன்பத்தை நேயர்களுக்குத் தராமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சட்டத்தில் இரண்டு கணக்குகள் உள்ளன. இணைநிலைத் தொழிலர் என்று கூறிக்கொள்ள, இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத கல்வி வேண்டும். உடல்நலத் தொழிலர் என்னும் மேல்நிலைக்கு, மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் 3,600 மணி நேரத்துக்குக் குறையாத பட்டப்படிப்பு வேண்டும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு, சயான் ஸ்டேஷன் அருகில் யாரோ கையில் திணிக்கும் துண்டு விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். ஆறு மாத வகுப்பு என்கிறார்கள். நாளுக்கு ஆறு மணி, வாரத்துக்கு ஆறு நாள், இருபத்தாறு வாரம் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் 936 மணி நேரந்தான் வருகிறது. கீழ்ப்படிக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை! இதற்கு விஞ்ஞான அறிவு வேண்டுவதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும். கடையொன்றில் உதவியாளாக அமர்வதற்கு அத்தகைய வகுப்பு பயன்படலாம். ஆனால் அதன் இறுதியில் கிடைக்கும் காகிதத்தைப் பட்டம் என்று நம்பி, ஊரிலுள்ள நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன்.

இனி மதிப்பெண்ணைப் பற்றி. 'என் மகளுக்கு ஐம்பத்தெட்டு விழுக்காடு' என்று ஒருவர் சொன்னால், எதில் ஐம்பத்தெட்டு என்று கேட்க வேண்டும். பல கல்லூரிகள் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் சேர்த்து, அதில் ஐம்பது விழுக்காடு கேட்பதே பெருவழக்கு. சில இடங்களில் உயிரியலுக்குப் பதிலாகக் கணிதமும் ஏற்கப்படும். மகாராஷ்டிர போர்டின் 600 மதிப்பெண்ணில் ஒரு பிள்ளை 348 வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஐம்பத்தெட்டு விழுக்காடு. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் 66, மற்றொரு மொழியில் 78, ஆறாவது பாடத்தில் 60 என்று அவை மூன்றும் 204-ஐத் தூக்கிவிட, இயற்பியலில் 44, வேதியியலில் 47, உயிரியலில் 53 என்று மிச்சம் 144-தான். முந்நூறுக்கு 144 என்றால் நாற்பத்தெட்டு விழுக்காடு. வாசலுக்கு ஆறு மதிப்பெண் குறைவு. இதை அறியாமல் ஐந்தாறு கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிட்டு, ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லையே என்று வருந்துவோர் உளர்.

ஆறு மதிப்பெண் என்பது தலைவிதி அன்று. மகாராஷ்டிர போர்டில், தேர்ச்சி பெற்றவரே தரத்தை உயர்த்திக்கொள்ள மீண்டும் பரீட்சை எழுதும் ஏற்பாடு உண்டு. எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டுமா, எத்தனை வாய்ப்புகள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்க. தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஆண்டுக்கு இருமுறை பொதுப் பரீட்சை நடத்துகிறது. அதன் சான்றிதழைத் தாங்கள் ஏற்போமா என்பதை, விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரியிடம் முன்னதாக எழுத்து மூலம் பெற்றுவிடுவது நலம். ஓராண்டு வீணாகிறதே என்று பெற்றோர் தயங்குகின்றனர். நான்காண்டுக் கல்விக்கு முன் ஓராண்டைச் செலவிடுவதில் வீண் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதிலும் அந்த ஓராண்டை இயற்பியலுக்குக் கொடுத்தால் அது முதலீடே ஆகும்.

இயற்பியலை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் கண் என்றதும் உயிரியல் என்று எண்ணிச் சேர்ந்துவிட்டு, முதலாண்டிலேயே ஒளியியல் வகுப்பில் திகைத்து நிற்கின்றனர். இத்தொழிலின் முதுகெலும்பு ஒளியின் கணக்கு. அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாத கிட்டப்பார்வைச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு. அவனுக்கு வேண்டியது இரண்டு டயாப்டர் அளவுள்ள குழிவில்லை. கால் மீட்டரிலேயே தெளிவு நின்றுவிடுமாயின் நான்கு டயாப்டர். பிரெஞ்சுக் கண் மருத்துவர் மொனாயே 1872-இல் முன்மொழிந்த இந்த அலகைத்தான் நாம் 'பவர் இரண்டு, பவர் நான்கு' என்று பேச்சில் சொல்கிறோம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை அதற்கும் பத்தாண்டு மூத்தது. ஹாலந்தைச் சேர்ந்த ஸ்னெல்லென் 1862-இல் வகுத்தது. மகாராஷ்டிரப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்திலேயே வில்லைகளைப் பற்றித் தனி அத்தியாயம் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் தடுமாறிய பிள்ளை வெட்கப்படாமல் அந்தப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம். ஒரு கோலும், ஒரு பூதக்கண்ணாடியும், சன்னல் வெளிச்சமும் இருந்தால் குவிதூரத்தை வீட்டிலேயே அளந்து பார்க்க முடியும்.

கணக்கு பாதி, கை பாதி. இருட்டறையில் ஓர் ஒளிக்கீற்றைக் கண்மணிக்குள் செலுத்திக் கருவியை மெல்ல அசைத்தால், உள்ளிருந்து திரும்பும் செவ்வொளி சில கண்களில் கருவி போகும் திசையிலேயே நகரும். சில கண்களில் எதிராக நகரும். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, அந்த அசைவு ஓய்ந்து கண்மணி முழுவதும் ஒருங்கே ஒளிரும் நிலையைக் காண வேண்டும். பேசத் தெரியாத குழந்தையின் பார்வைக் குறையைக்கூட இவ்வாறு அளந்துவிடலாம். இந்தக் கைப்பழக்கம் நூற்றுக்கணக்கான கண்களைப் பார்த்த பின்பே படியும். ஆகவேதான் ஒரு கல்லூரியைத் தெரிந்தெடுக்கும்போது அதன் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, எந்த மருத்துவமனையில் மாணவர் பழகுகின்றனர், இறுதியாண்டுப் பயிற்சி எங்கே, நாளொன்றுக்கு எத்தனை நோயாளரை அவர்கள் தாமே சோதிக்கின்றனர் என்று கேட்பது அவசியம்.

அளந்து முடித்த பின் வாய்மொழி வேலை தொடங்குகிறது. 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டுத்தான் கடைசி அளவு நிர்ணயமாகும். கேட்பவரின் மொழி நோயாளருக்குப் புரியவில்லையாயின் அந்த அளவு பிழைபடும். தாராவியின் தையற்கூடத்தில் நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவர் 'வெள்ளெழுத்து' என்பார். பக்கத்து எந்திரத்தில் இருப்பவர் இந்தியில் ஒன்று சொல்வார். எதிர் வீட்டு மூதாட்டி மராத்தியில் ஒன்று சொல்வார். மூன்று மொழியும் தெருவிலேயே கற்றுக்கொண்ட தாராவிப் பிள்ளைக்கு இது பிறவிச் சொத்து. பரீட்சைத் தாளில் இதற்கு மதிப்பெண் கிடையாது. அதோடு, மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிப் பின்னர் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளையின் பட்டியலில் தெரியும் குறைவு பல வேளைகளில் அறிவின் குறைவு அன்று. மொழி மாறிய களைப்பு.

தேவையோ மிகப் பெரிது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையின்படி, குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறை உண்டு. அவர்களில் 100 கோடிப் பேரின் குறையேனும் தடுத்திருக்கக் கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. வெறும் கண்ணாடி கிடைக்காமையும் அதில் அடக்கம். நம் தாராவியிலேயே, வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நிறுவியவரும் 2013-இல் பத்மஸ்ரீ பெற்றவருமான டாக்டர் எஸ். நடராஜன், தம் அறக்கட்டளை வாயிலாகச் சர்க்கரை நோயாளரின் விழித்திரையைச் சோதிக்கும் பணியை நடத்தியிருக்கிறார். அத்தகைய முகாம்களில் முதலில் நின்று பார்வையை அளப்பவர் மருத்துவர் அல்லர்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி சர்க்கார் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களை அழைத்து, அவர்களின் பொறுமை, குணம், குடும்பத்தின் ஒத்துழைப்பு ஆகியவற்றையும் பார்த்துத் தேர்ந்து, இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதலான பணிகளை ஒப்படைப்பது அங்கே வழக்கம். அப்பயிற்சி பட்டத்துக்கு ஈடன்று. எனினும் பட்டப்படிப்புக்கு வசதி இல்லாத குடும்பத்துப் பெண், உறவினர் மதுரைப் பக்கம் இருந்தால், அதையும் விசாரிக்கலாம்.

மராட்டிய மாநிலத்தில் சர்க்கார் இடத்தை நாடுவோர் இரண்டு தாள்களை இப்போதே கவனிக்க வேண்டும். நாசிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட மாநிலச் சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் துணைமருத்துவப் பட்ட வகுப்புகளில் பார்வையளவியலும் ஒரு பிரிவு. இத்தகைய இடங்களில் கட்டணம் குறைவு, போட்டி மிகுதி. வசிப்பிடச் சான்று வேண்டுமானால் பதினைந்து ஆண்டுகள் இம்மாநிலத்தில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குடிசையை இடித்துக் கட்டிடத்துக்கு மாற்றிய குடும்பங்களில் பழைய ரேஷன் அட்டை காணாமற் போயிருக்கும். மே மாதத்தில் அதைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது.

இரண்டாவது தாள் சாதிச் சான்று. இதில்தான் நம்மவர் மிகுதியும் ஏமாற்றம் அடைகின்றனர். இட ஒதுக்கீட்டில் கேட்கப்படும் குறைந்த மதிப்பெண்ணும் சற்றுத் தளர்த்தப்படுவதுண்டு. ஆகையால் ஐம்பதை எட்டாத பிள்ளைக்கு இது உயிர்நாடி. ஆனால் திருநெல்வேலித் தாசில்தார் கொடுத்த தாழ்த்தப்பட்டோர் சான்று மும்பையில் இடம் வாங்கித் தராது. 1990-இல் மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியைப் பிரதிவாதியாகக் கொண்டு எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தீர்த்துச் சொன்னது. ஆந்திரத்தில் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட வகுப்பினர் ஒருவர், தந்தையின் உத்தியோகத்தை முன்னிட்டு மும்பைக்கு வந்தவர், இங்கே அந்தச் சலுகையைக் கேட்டார். ஒரு மாநிலத்தின் பட்டியல் அம்மாநிலத்தைப் பொறுத்ததே. இடம்பெயர்ந்தவர் அதைக் கையோடு கொண்டுவர இயலாது என்று நீதிமன்றம் கூறியது. 2018-இல் ஐவர் அமர்வும் மாநிலங்களைப் பொறுத்த மட்டில் அதையே உறுதி செய்தது. தோல் பதனிட வந்து மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் உழைக்கும் குடும்பத்துக்கு இது கடுமையான தீர்ப்பு என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் சட்டம் இது.

வழி அடியோடு அடைபடவில்லை. 1950 ஆகஸ்டு 10-ஆம் நாளுக்கு முன்பே பாட்டனார் இம்மாநிலத்தில் வாழ்ந்தமைக்குப் பத்திரமோ, பள்ளிப் பதிவேடோ இருந்து, சாதியின் பெயரும் மராட்டியப் பட்டியலில் காணப்படுமாயின், இங்கேயே சான்று கோரலாம். அதற்கு வழியில்லாதோர் தமிழ்நாட்டில் பிறப்பிடச் சான்று பெற்று, அங்கே விண்ணப்பிப்பதைச் சிந்திக்கலாம். மெட்ரிக்குப் பிந்திய கல்விக்கான உதவித்தொகையையும், குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அந்த மாநிலமே வழங்கும் என்பது மத்திய சர்க்காரின் விதி. இரண்டு மாநிலத்திலும் கேட்டுவிட்டு எந்த மாநிலத்துக்கும் உரியவரல்லாமல் நிற்பதைவிட, ஒன்றை முன்னரே முடிவு செய்துகொள்வது மேல்.

நேர்முகத் தேர்வு நடத்தும் கல்லூரிகளில், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் வீட்டில் தண்ணீர் புகுந்தது, தாயார் நோயுற்றார் என்பன மெய்யாயின் ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதன் பிறகு செய்தது என்ன என்பதையே அவர்கள் அறிய விரும்புவர். தரும மருத்துவமனையிலோ, பள்ளிக் கண் சோதனை முகாமிலோ சில வாரங்கள் நின்று பார்த்த பிள்ளை, அங்கே கண்டதைத் தன் சொல்லில் விவரித்தால் போதும். சிறு வயது முதலே கண்ணின் மீது பற்று என்பது போன்ற வாசகங்களை எழுதித் தருமாறு என்னிடம் கேட்பார்கள். நான் எழுதித் தருவதில்லை.

அமெரிக்காவில் உள்ள உறவினர் அங்கே வரச் சொல்வதாகச் சிலர் கூறுகின்றனர். அங்கே இது பட்டத்துக்கு மேற்பட்ட நான்காண்டு டாக்டர் படிப்பு. 200 முதல் 400 வரை மதிப்பிடப்படும் தனி நுழைவுத் தேர்வும், கல்லூரிப் பட்டத்தில் வாங்கிய மதிப்பெண்ணும் சேர்த்துப் பார்க்கப்படும். நம் நாட்டுப் பட்டத்தை மட்டும் காட்டி அங்கே தொழில் நடத்த உரிமம் கிடைக்காது.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போது முதலாண்டுத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நான்காண்டு மொத்தம் எவ்வளவு, பரீட்சைக் கட்டணம் தனியா, ரெட்டினாஸ்கோப் முதலிய கருவிகளை மாணவரே வாங்க வேண்டுமா, பயிற்சியாண்டில் உதவித்தொகை உண்டா, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது என்பவற்றை எழுத்தில் பெறுக. ரசீது தராத எவரிடமும், அவர் எவ்வளவு வேண்டியவராயினும், ஒரு ரூபாயும் கொடுத்தல் ஆகாது. சேரும் நாளில் அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் பிறப்பித்த அறிவிப்பின்படி, சரிபார்த்தவுடன் அசலை மாணவரிடமே திருப்பித் தர வேண்டும். சான்றொப்பமிட்ட நகல் மட்டுமே கல்லூரியில் இருக்கலாம். கவுண்டரை விட்டு நகருமுன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.